பொட்டுக்கு அடியில் பிளஸ் மைனஸ்

அக்டோபர் 4, சனி

கார் பட்டறையில் நிற்கிறது. போன வாரம் மினி பஸ் இடித்ததில் டிக்கி நசுங்கிப் போனது. கவிநிலா காலையிலிருந்து வாசலில் கார் வழக்கமாக நிற்கும் இடத்தையே சுற்றிச் சுற்றி வருகிறாள். ஒன்பது வயதாகியும் என் மகளுக்கு இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. ஆனால் அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். கார் ஸ்டீரியோவில் சத்தம் கூட்டும் குமிழ்தான். ஏறி உட்கார்ந்ததும் அதைத் திருகி, எண் பதினாலு வரும்வரை ஏற்றுவாள். அதற்குப் பிறகுதான் நான் வண்டியை எடுக்கலாம்.

பட்டறையில் சொல்லி ஸ்டீரியோவைக் கழற்றி வாங்கி வந்தேன். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் மாட்டிக் கொடுத்தால் சமாதானம் ஆவாள் என்று பெரிய திட்டம்.

மாட்டினேன். டப் என்றது. கருகிய வாடை.

பேட்டரி மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருக்கின்றன. வைத்தவள் நான்தான். பிளஸ் குறி மேல் ஒரு பொட்டு, மைனஸ் குறி மேல் ஒரு பொட்டு, கச்சிதமாக! இன்வெர்ட்டர் போட்ட புண்ணியவான் இரண்டு வயரையும் கறுப்பாகவே போட்டிருக்கிறார். ஒரு துணியெடுத்துத் துடைத்துப் பார்க்கத் தோணலையே எனக்கு. மாத்திக் குடுத்துட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

இவர் வேலை பார்க்கும் கடலை மண்டிக்கு லீவு, வீட்டில்தான் இருந்தார். "ஃபியூஸ்தான் போயிருக்கும் தேவி, ரெண்டே நிமிஷம்" என்றார். பொட்டைத் துடைத்துவிட்டு வயரைச் சரியாகத்தான் கொடுத்தார். ஆனால் வீட்டுக் கட்டை ஃபியூஸில் கட்டுகிற மாதிரி ஸ்டீரியோ ஃபியூஸில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்தார். நேற்று வாடைதான் வந்தது. இன்று புகையே வந்துவிட்டது.

"நீ மாத்திக் குடுத்ததாலதான்." "நீங்க கம்பி கட்டாம இருந்திருக்கலாம் இல்ல?" மத்தியானம் வரை இதேதான்.

அக்டோபர் 9, வியாழன்

கார் வந்துவிட்டது. வியாழன் என்றால் வேங்கிக்காலில் சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சி மையத்துக்குப் போகும் நாள். கவிநிலா கதவைத் திறந்தாள், ஸ்டீரியோ இருந்த ஓட்டையைப் பார்த்தாள், அவ்வளவுதான். காலை ஊன்றி நின்றுவிட்டாள். ஆட்டோ வைத்துப் பார்த்தோம். தெரு முனையில் குதிக்கப் பார்த்தாள். பஸ்ஸில் போகலாமென்றால் ஹார்ன் சத்தம் அவளுக்கு ஆகவே ஆகாது.

போகவில்லை. அந்த மையத்தில்தான் படம் காட்டித் தண்ணீர் கேட்கக் கற்றுக்கொண்டாள். கையைக் கடிப்பதை நிறுத்தியதும் அங்கேதான்.

அக்டோபர் 11, சனி

டவுனில் கார் ஸ்டீரியோ விற்கும் மஸ்தான் பாய் கடைக்குப் போனேன். "போர்டே போயிருக்கும்மா, புதுசு போட்டுக்கங்க" என்று டச் ஸ்கிரீன் ஸ்டீரியோ ஒன்றைக் காரில் மாட்டிக் காட்டினார். பழைய மாடல் இப்போது வருவதில்லையாம். காரை வீட்டுக்கு ஓட்டி வந்து கவிநிலாவைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தேன். ஸ்கிரீனைத் தடவிக் குமிழைத் தேடினாள். கிடைக்கவில்லை. மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள், இத்தனை மாதம் கழித்து.

மறுபடி கடைக்கே போனேன். "கழட்டிடுங்க பாய்."

உள்ளே ரிப்பேர் மேசையில் இருந்த அவர் மனைவி கைசர் ஜஹான் எட்டிப் பார்த்தார். "பழசை வெச்சிட்டுப் போங்க. பாக்கறேன். வாக்கு குடுக்க மாட்டேன்."

அது போதும்.

அக்டோபர் 16, வியாழன்

இன்றும் போகவில்லை. மையத்திலிருந்து கீர்த்தனா போன். கவிநிலாவுக்குச் சொல்லித் தரும் பெண். "இந்த மாசம் முடியற வரைக்கும் கவிநிலா இடத்தை வெச்சிருக்கேங்க்கா. அதுக்கு மேல முடியாது, வேற பிள்ளைங்க காத்துனு இருக்காங்க." அவள் மேல் தப்பில்லை.

அக்டோபர் 18, சனி

கைசர் அக்கா கடையில். வயர் மாறினதில் செத்துப்போன டையோடு என்கிற சின்ன பாகத்தை மாற்றியும் ஸ்டீரியோ வாயைத் திறக்கவில்லை. போர்டில் ஓடும் செம்புக் கோடும் கருகிவிட்டதாம்.

"ஃபியூஸ் எரிஞ்சதோட விட்டிருந்தா டையோடு ஒண்ணுதான் செலவு. கம்பி கட்டினது யாரு?"

"வீட்டுக்காரர்."

"பேட்டரியை மாத்திக் குடுத்தது?"

"நான்."

"நல்ல ஜோடிதான்."

தீபாவளி வேலை ஜாஸ்தி, பிறகு பார்க்கலாம் என்றார். எனக்கு மட்டும் வேலை இல்லையா? தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் மலை மாதிரி கிடக்கின்றன. "தீபாவளி முடிஞ்சதும் வந்து உட்கார்ந்துடுவேங்க்கா, விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிச் சத்தத்துக்குப் பயந்து கவிநிலா பீரோவுக்குப் பின்னால். நானும் அங்கேதான்.

அக்டோபர் 23, வியாழன்

போகவில்லை. இனி ஒரு வியாழன்தான் பாக்கி.

அக்டோபர் 25, சனி

சொன்னபடி போய் உட்கார்ந்தேன். அக்கா மீட்டரை வைத்துக் கருகின கோட்டைத் தொட்டுத் தொட்டுப் போனார். பீப் சத்தம் வந்தால் அதுவரை உயிர் இருக்கிறதாம். ஒரு இடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் முடி மாதிரி ஒரு கம்பி வைத்துப் பாலம் போட வேண்டும். அவர் கண்ணுக்கு அது பிடிபடவில்லை. "என் கிட்ட குடுங்க, நான் ஊசியில நூல் கோக்கறவ" என்று இடுக்கியால் நான் பிடித்துக்கொண்டேன், அவர் பற்றவைத்தார்.

ஸ்டீரியோவில் பச்சையாக எண் எரிந்தது.

அழுதேவிட்டேன். "தள்ளி நின்னு அழுவுங்க, போர்டுல தண்ணி படப் போவுது" என்றார் அக்கா. வலது பக்க ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வரவில்லை. சத்தத்தைப் பெருக்கும் ஐசியில் அந்தப் பக்கம் வெந்துவிட்டதாம். இருக்கட்டும்.

அக்டோபர் 30, வியாழன்

நேற்று ஸ்டீரியோவைக் காரில் மாட்டிக்கொண்டு வந்தேன். சரியான ஃபியூஸோடு. இவர் ஃபியூஸ் பக்கமே போகவில்லை.

காலையில் கதவைத் திறந்து விட்டேன். ஏறவில்லை. சாவியைத் திருப்பினேன். பச்சை வெளிச்சம். எட்டிப் பார்த்தாள், ஏறினாள், குமிழைத் திருகினாள். பதினாலு. பாட்டு வந்தது, இடது பக்கம் மட்டும். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு கையை வைத்து ஒவ்வொன்றாகக் குறைத்தாள். பத்து, ஆறு, மூன்று, பூஜ்யம்.

போச்சு, இறங்கிடுவா, அவ்ளோதான்னு நெனச்சேன்.

இறங்கவில்லை. குமிழின் மேல் விரலை வைத்தபடி சாய்ந்து உட்கார்ந்தாள். நான் வண்டியை எடுத்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேங்கிக்கால் வரை பாட்டே இல்லை. வாசலில் கீர்த்தனா நின்றிருந்தாள். கவிநிலா அவளைத் தாண்டி நேராகத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் கைசர் அக்கா போன் செய்தார். "பாட்டு கேட்டாளா?"

"இல்லக்கா. சவுண்டை ஜீரோவுல வெச்சிட்டா."

"ஐயோ, திரும்பப் போச்சா?"

"ஸ்டீரியோ நல்லா இருக்குக்கா. அப்படியே போயிட்டு வந்துட்டோம்."

"அடிப்பாவி! சத்தமே வேணாம்னா என் உசுரை ஏம்மா எடுத்தீங்க?" இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

நவம்பர் 6, வியாழன்

பௌர்ணமி கிரிவலக் கூட்டம் இன்னும் வடியவில்லையாம், வேங்கிக்கால் பக்கம் வண்டிகள் நெரிசலில் நிற்கின்றன என்று இவர் சொன்னார். சீக்கிரம் கிளம்ப வேண்டும். கவிநிலாவைக் கூப்பிட்டேன், வீட்டில் காணோம். எனக்கு முன்னாலேயே காரில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். திறந்த கதவு வழியே குமிழ் கிளிக் கிளிக்கென்று சுற்றும் சத்தம் வாசல் வரை கேட்கிறது.