வெள்ளவத்தை மண்டபத்தின் கதவு

இன்று ஒத்திகைக்காக வெள்ளவத்தைப் புது மண்டபத்துக்குப் போனேன். கதவுப் பிணைச்சலுக்குக் கிரீஸ் பூசியிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீதான் வந்து நின்றாய். நீ செத்து இரண்டு வருசமாகியும் உன்னால் எனக்கு நிம்மதி இல்லையடி.

கொட்டாஞ்சேனை மாதா கோயில் மண்டபத்தில் நம் நாடகம் பாதி நடக்கும்போதுதான் பக்கத்துத் துறைமுகத்தில் வேலை முடிந்து ஆட்கள் வருவார்கள். உடம்பெல்லாம் கிரீஸ் மணக்கும். அவர்கள் வந்து நின்ற உடனே மாமியார் வேசத்தில் இருந்த நீ, எழுதிய வசனத்தை விட்டுவிட்டு மருமகளாக நடித்த என் பக்கம் திரும்புவாய்.

"என்ர மகனை மயக்கிக் கலியாணம் கட்டினது நீ, வீட்டை விட்டு ஓடினது அவன், பழி மட்டும் என்ர தலையிலயோ?"

பிந்தி வந்தவர்களுக்கு அதுவரை நடந்த கதை விளங்கிவிடும். முன்னால் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு அடுத்த வசனம் தவறிவிடும். பிறகு உள்ளே வந்து உன்னை ஏசுவேன்.

"அதுகள் வேலை செஞ்சு களைச்சு வருகுதுகள். அதுகளுக்கும் கதை விளங்க வேணாமே?" என்பாய்.

இப்போது குழுவை நிரோஷன் நடத்துகிறான். நல்ல பிள்ளைதான். கொழும்பின் மறுகோடியில் இருக்கிற வெள்ளவத்தைக்குப் போனால் மாதாமாதம் மேடையேற்றலாம், திரையில் சிங்களத்தில் வசனம் ஓடும், புது ஆட்கள் வருவார்கள் என்று போன மாதக் கூட்டத்தில் சொன்னான். ஆனால் திரையோடு பொருந்தவேண்டும் என்பதால் எழுதியதில் ஒரு சொல்லும் மாற்றக்கூடாதாம். நாடகம் தொடங்கியதும் கதவைச் சாத்திவிடுவார்களாம்.

"அப்ப பிந்தி வாறவை?" என்று கேட்டேன்.

"நேரத்துக்கு வரப் பழகட்டும், ஆன்ட்டி."

கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. ஆனால் போன நாடகத்துக்குக் கொட்டாஞ்சேனையில் பாதிக் கதிரை காலி. பழைய குடும்பங்கள் வத்தளை, ஹெந்தளை என்று நகருக்கு வெளியே குடிபோய்விட்டன. குழுவில் எல்லோரும் வெள்ளவத்தைக்கே போவோம் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மாட்டேன் என்றால் விட்டுவிடுவார்கள். குழுவும் அதோடு முடிந்துவிடும். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

இன்று உன் வேசத்தில் வந்த பிள்ளை ஒரு சொல் பிசகாமல் பேசினாள். ஆனாலும் நீ திரும்புகிற இடத்தில் என் கழுத்து தானாகக் கதவுப் பக்கம் திரும்பியது. சாத்திய கதவுக்கு அப்பால் நீ நிற்கிறாய், உன் பின்னால் வேலை உடுப்போடு அத்தனை பேர். யாரும் தட்டவில்லை. ஐயோ, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இனி மேடை ஏறும்போதெல்லாம் உங்களையும் சுமந்துகொண்டுதான் ஏறவேண்டும். பிந்தி வந்தவள் போல என்னடி நடந்தது என்று நீ கேட்டால் முழுவதும் சொல்வேன். எங்கட சனம் எங்க என்று மட்டும் கேட்டுவிடாதே.