சத்து மிகுந்து மரத்த கால்கள்

அனுப்புநர்:
பேருந்து ஓட்டுநர் (தற்போது உதிரிபாகக் கிடங்கில் மாற்றுப் பணி),
பணிமனைக் குடியிருப்பு, பின்கட்டு, மேல்மாடி.

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: பணிமனையின் சத்து பானத்தை அருந்த மறுத்ததற்காகவும் வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்ததற்காகவும் எனக்கு வழங்கப்பட்ட எச்சரிக்கையை ரத்து செய்யவும், மீண்டும் ஓட்டுநர் தேர்வு வைக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தால் விஷயம் அத்தோடு முடிந்துவிடும் என்று பணிமனை மேலாளர் எனக்குச் சொல்லியனுப்பினார். அந்தக் கடிதத்தை நான் எழுதப் போவதில்லை. அதற்குப் பதிலாக இம்மனுவைத் தங்கள் பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

2. நான் இப்பணிமனையின் முதல் பெண் ஓட்டுநர். அதிகாலைப் பணியில் உடம்பு அசந்து வருவதாகச் சொன்னபோது பணிமனை மருந்தகத்தில் நரம்புக்குச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதே சமயத்தில்தான் உணவகத்தில் காலைத் தேநீரை நிறுத்திவிட்டு, ஒரு தனியார் நிறுவனத்தின் சத்து பானத்தைக் கொண்டுவந்தார்கள். என் கணவர் சலவைக் கடையில் துணி தேய்ப்பவர். மனைவி இளைத்துப் போகிறாளே என்ற கவலையில் அவரும் ஒரு சத்துமாவு டப்பா வாங்கி வைத்தார். மூன்றிலும் இருந்தது வைட்டமின் பி6. இது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

3. சில மாதங்களில் பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு வந்தது. மருந்தகத்தில் சொன்னேன். அங்கிருந்த மருந்தாளுநர், "நரம்பு பலவீனமா இருக்கும்மா, ரெண்டா போடுங்க" என்றார். அதிகமாகிவிடாதா என்று கேட்டதற்கு, "சத்து மாத்திரைதானே, மிச்சமிருந்தா சிறுநீர்ல போயிடும்" என்று பதில் வந்தது. கால் மரத்த அளவுக்கு மாத்திரை கூடியது. மாத்திரை கூடிய அளவுக்குக் கால் மரத்தது. செருப்பு ஒன்று வழியில் கழன்று விழுந்ததை அறியாமல் தெரு முழுவதும் நடந்து வீடு வந்து சேர்ந்தேன். முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். தொட்டியைப் பிடித்துக்கொண்டுதான் கழுவுவேன்.

4. ஒரு நாள் காலை, மருத்துவமனை நிறுத்தத்தில் பயணிகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் கால் பிரேக்கில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தேன். அது இல்லை. வண்டி நகர்ந்தது. முன்படியில் ஒரு கால், தரையில் ஒரு கால் என்று ஓர் அம்மாள் நின்றிருந்தார். நடத்துநர், "அக்கா, வண்டி போகுது" என்று கத்தினார். கைப் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். யாருக்கும் அடி இல்லை. அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்து, சாவியை நடத்துநர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். என்னை யாரும் இறக்கிவிடவில்லை, ஐயா. என் கால் எனக்குத் தெரியவில்லை என்று மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன்.

5. மேலாளர் நான் நடந்து வந்த விதத்தைப் பார்த்தார். "காலையிலேயே ஏத்திட்டு வந்தியா?" என்று கேட்டார். என் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. ஊதிப் பார்க்கும் கருவியில் ஊதினேன், ஒன்றும் காட்டவில்லை. அப்படியிருந்தும் என் பணிக் கோப்பில் ‘நடையில் தள்ளாட்டம், மது அருந்தியிருக்கக்கூடும்’ என்று எழுதப்பட்டது. அந்த வரி இன்றும் அங்கேயே இருக்கிறது.

6. பெரிய மருத்துவமனையின் நரம்பு மருத்துவர், நான் சாப்பிடுவதையும் குடிப்பதையும் ஒன்று விடாமல் கேட்டு, இரத்தத்தைச் சோதிக்க அனுப்பினார். முடிவு வந்ததும், "இது சத்து குறைஞ்சு வந்ததில்லம்மா, கூடிப்போய் வந்தது. எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்துங்க. நிறுத்தின பிறகும் கொஞ்ச நாள் மோசமாகும், பயந்துடாதீங்க" என்றார். அவர் சொன்னபடியே மோசமானது. எரிச்சல் பாதத்திலிருந்து முழங்கால் வரை ஏறியது. சட்டைப் பொத்தானைக் கூடக் கணவர்தான் போட்டுவிட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மாத்திரையை நிறுத்தியதுதான் தப்பு என்றார்கள். என் கணவரே ஒரு நாள் மாத்திரைப் பட்டையை எடுத்து வந்து, "ஒண்ணே ஒண்ணு போட்டுப் பார்ப்போமே" என்று கெஞ்சினார். எனக்கும் சபலம் தட்டியது, வலி அப்படி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. மருந்தகத்தில் இருந்து மட்டும் நலம் விசாரிக்கும் சாக்கில் மறுபடியும் மாத்திரை கொடுத்தனுப்பினார்கள். அப்படியே திருப்பியனுப்பினேன்.

7. தேறி வர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இந்நோய்க்குத் தனி மருந்து இல்லை. கூடுதல் சத்து உடம்புக்குள் போகாமல் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான் வைத்தியம். கடையில் எதை எடுத்தாலும் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்காமல் வாங்குவதில்லை. காலை உணவுப் பொட்டலம், சோர்வு நீக்கும் பானம், பிஸ்கட் எனச் சத்து கலக்காத பொருள் கிடைப்பதே அரிதாக இருக்கிறது. என் கணவர் ஒரு படி மேலே போய் வாழைப்பழம், மீன், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் வீட்டுக்குள் விடாமல் செய்தார். நான் எலும்பும் தோலுமாக ஆனதைப் பார்த்த மருத்துவர், "இயற்கையா சாப்பாட்டுல இருக்கிறது ஒண்ணும் செய்யாது. வெளியில இருந்து சேர்க்கிறதுதான் கூடாது. பட்டினி போட்டா நரம்பு எப்படிங்க வளரும்?" என்று எங்கள் இருவரையும் சேர்த்தே திட்டினார். அன்று மாலை கணவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். வீட்டுக் கூடத்தில் நின்றபடியே இருவரும் பாதியைத் தீர்த்தோம்.

8. இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறேன். வெறுங்காலில் தரையின் சில்லிப்பு தெரிகிறது. சுண்டுவிரல்கள் இரண்டு மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் சோதித்துப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். பணிமனையோ என்னைக் கிடங்கில் உட்கார வைத்திருக்கிறது. கேட்டால் கோப்பிலுள்ள அந்த வரியைக் காட்டுகிறார்கள்.

9. இந்நிலையில், வெளி உணவு எதுவும் பணிமனைக்குள் வரக்கூடாது, காலைப் பணியாளர் அனைவரும் சத்து பானம் அருந்த வேண்டும் என்று புதிய உத்தரவு வந்தது. அந்தப் பானத்தில் எவ்வளவு பி6 இருக்கிறது என்று கேட்டேன். உணவகப் பொறுப்பாளருக்குத் தெரியவில்லை. மேலாளர், "எல்லாரும் குடிக்கிறாங்க, உனக்கு மட்டும் என்ன?" என்றார். என்ன என்பதை மேலே எழுதியிருக்கிறேன். வாயிற்காவலர் என் சாப்பாட்டுப் பாத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் முதல் வாயிலுக்கு வெளியே, மதில் ஓரத்தில் உட்கார்ந்து சோறும் பருப்பும் அவித்த முட்டையும் சாப்பிடுகிறேன். பானத்தை மறுத்ததற்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் சேர்த்து, நிறுவனத்தின் பெயரைக் கெடுத்ததாக எச்சரிக்கை வந்தது. மழை பெய்தாலும் குடை பிடித்துக்கொண்டு அங்கேதான் சாப்பிடுவேன் என்பதைத் தங்களுக்கும் தெரிவித்துக்கொள்கிறேன்.

10. சென்ற வாரம் அந்த மதில் ஓரத்தில் ஓர் ஓட்டுநர் தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "அக்கா, படுத்தா உள்ளங்கால் நெருப்பா எரியுது. சொன்னா குடிச்சிருக்கேன்னு எழுதிடுவாங்க" என்றார். அவரும் இரண்டு மாத்திரை போடுகிறார், பானமும் குடிக்கிறார். மறுநாளே நரம்பு மருத்துவரிடம் நானே அழைத்துச் சென்றேன். மருத்துவர் சொல்லி அந்தத் தம்பி இப்போது விடுப்பில் இருக்கிறார். அவர் யார் என்பதை எத்தனை எச்சரிக்கை வந்தாலும் சொல்ல மாட்டேன். பயந்துபோய்ச் சொல்லாமலே இன்று எத்தனை பேர் வண்டி எடுத்துப் போயிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. மேலாளருக்கும் தெரியாது. அந்த வண்டிகளில் ஏறியவர்களுக்கும் தெரியாது.

11. ஆகவே, பானத்திலும் மாத்திரையிலும் உள்ள சத்தின் அளவை அனைவரும் பார்க்கும்படி எழுதி ஒட்டவும், மருத்துவர் பார்க்காமல் மாத்திரை தருவதை நிறுத்தவும், விரும்பியவர் வீட்டுச் சாப்பாடு கொண்டுவரவும், கால் மரத்தவர்கள் அச்சமின்றிச் சொல்லி மருத்துவரைப் பார்க்கவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். எனக்கு வழங்கிய எச்சரிக்கையை ரத்து செய்து, என் கோப்பிலுள்ள பொய்யை நீக்கி, நெரிசலான சாலையில், தாங்களே உடன் அமர்ந்து எனக்கு ஓட்டுநர் தேர்வு வைக்க வேண்டுகிறேன். தோற்றால் மறுபேச்சின்றிக் கிடங்குக்கே திரும்புகிறேன். தேர்வுக்கு எந்த நாள் சொன்னாலும் வருவேன். சீருடை துவைத்துத் தேய்த்துத் தயாராக இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் பதிலையும் ஒரு வண்டிச் சாவியையும் எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
பேருந்து ஓட்டுநர்

இடம்: பணிமனைக் குடியிருப்பு
நாள்: திங்கட்கிழமை