கொள்ளிடத்துக்குப் போற டப்பா

அண்ணே,

ஸ்டேஷன்ல ராத்திரி டூட்டி முடிஞ்சு நீ வர்றப்ப வூட்டுல யாரும் இருக்க மாட்டோம். விடியறதுக்குள்ள ஏலாக்குறிச்சி மாதா கோயில் பூசைக்குக் கெளம்பறோம். சாவி மாட்டுத் தொட்டிக்குப் பின்னால இருக்கு. பழைய சோறும் மோர் மொளகாயும் அடுப்படியில.

பட்டாளத்துலேருந்து நீ சேத்துக் கொண்டாந்த போக்கர் சீட்டாட்ட வில்லைங்களை அப்பா பாத்துட்டாங்க. "சூதாட்டச் சாமான் என் வூட்டுல இருக்கப்படாது, பூசை முடிஞ்சதும் கொள்ளிடத்துல போட்டுடு"ன்னு என்னையே டப்பாவைத் தூக்கிட்டு வரச் சொன்னாங்க. அவங்க தொட மாட்டாங்களாம்.

நீ ஆடினதே இல்ல, கனமும் கலரும் புடிச்சுத்தான் சேத்தேன்னு எனக்குத் தெரியும். அதை அப்பாகிட்ட சொல்லுன்னு எத்தனை தடவை கேட்டேன். ரெண்டு பேரும் பேசிக்கிட்டாத்தானே.

வில்லையெல்லாம் நெல்லுக் குதிருக்குள்ள பத்திரமா இருக்கு. டப்பாவுல நான் பாண்டி ஆடற ஓட்டாஞ்சில்லைப் போட்டுக் கட்டிட்டேன். ஆட்டினா அதே சத்தம்தான் கேக்குது. ஆத்தோரத்துல தொறந்து காட்டுன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவேன்னு தெரியல. அதுக்கு முன்னால அந்தப் பொய்யைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு பூசையில முட்டி போட்டிருக்கணும்.

புஷ்பம்

குதிருல ஒண்ணு கொறையும், தேடாத. பச்சை வில்லை என் தாவணி முடிச்சுல இருக்கு. பயம் வந்தா புடிச்சுக்கறதுக்கு.

நாங்க வர்றப்ப தூங்கிடாத அண்ணே. அப்பாகிட்ட நீ பேசணும்.