அம்மாவின் முட்டியும் உன் ஆராய்ச்சியும்

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ நலம் என்பது பத்திரிகையில் வந்த உன் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, கன்னம் உப்பியிருக்கிறது. அம்மா அதை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போனாலும் உன் முகத்தில்தான் விழிக்கிறேன்.

கட்டுரையையும் தேடிப் படித்தேன். ஒரே முட்டியில் தேய்ந்த இடத்துக் குருத்தெலும்பையும் தேயாத இடத்துக் குருத்தெலும்பையும் எடுத்து, புரதங்கள் எப்படி மாறியிருக்கின்றன என்று ஒப்பிட்டிருக்கிறாய். நல்ல யோசனை. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதை முதலில் சொன்னவன் நான். வாயில் கவளத்தோடு, "ரெண்டு வேற வேற ஆளை ஒப்பிட்டாப் போதாதாண்ணா?" என்று கேட்டவன் நீ. கட்டுரையின் கடைசியில் உன் கருவியைத் துடைப்பவருக்குக்கூட நன்றி சொல்லியிருக்கிறாய். போகட்டும். மருத்துவமனை ஆய்வகத்தில் ஊரார் இரத்தத்தில் சர்க்கரை பார்ப்பவனுக்கு நன்றி எதற்கு.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் வலது முட்டியில் எலும்போடு எலும்பு உரசுகிறது. போன வாரம் குளியலறையில் சரிந்துவிட்டாள். நல்லவேளை, உன் அண்ணி தாங்கிப் பிடித்தாள். அறுவை செய்து மூட்டை மாற்றியே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் நடையே போய்விடும் என்கிறார் டாக்டர். அம்மா மாட்டேன் என்கிறாள்.

காரணம் நீ. தேய்ந்த குருத்தெலும்பில் நீரைப் பிடித்து வைக்கும் புரதம் குறைந்துவிடுகிறது என்று போனில் சொன்னாயாம். குறைந்ததைத் தின்று நிரப்பிவிடலாம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். காலையில் முட்டை, மாலையில் முட்டை. "அத்தை இன்னும் கொக்கரிக்காததுதான் பாக்கி" என்கிறாள் உன் அண்ணி.

தின்னும் புரதம் வயிற்றிலேயே உடைந்துவிடும், நேரே முட்டியில் போய் உட்காராது. குருத்தெலும்பைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற நார் வலையும் கிழிந்தபின் பழையபடி சேராது என்று படம் போட்டு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ சுகர் டெஸ்ட் பாக்கிறவன்டா. சின்னவன் இதுக்கு மருந்தே கண்டுபிடிச்சிட்டிருக்கான். அவன் சொல்லட்டும், பாக்கலாம்" என்றாள். நீ படித்த படிப்பைத்தான் நானும் படித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உன் போன் வந்தது. அந்த முட்டியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். நான் கூப்பிட்டு அவள் அப்படி வந்ததே இல்லை.

ஆகையால் நீயே சொல். மருந்து என்றாவது வரும், ஆனால் அவள் முட்டி அதுவரை காத்திருக்காது என்று உன் வாயால் சொல். நீயாக யோசித்துச் சொல்வதுபோல் இருக்கட்டும். நான் எழுதியதாக மூச்சு விடாதே. பெரியவன் தூண்டிவிட்டான் என்று தெரிந்தால் மறுபடி அடம் பிடிப்பாள்.

எழுந்து நடந்துவிட்டால், சின்னவனால்தான் நடக்கிறேன் என்று தெரு முழுக்கச் சொல்வாள். சொல்லட்டும். நடக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். இந்த வாரமே அவளைக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்