சொல்லிக் கொடுத்த கை

ஆவணி 5, வியாழன்

காலையிலிருந்து மூடாப்பு. கல்வராயன் மலைப்பக்கம் கருத்துக் கிடக்கிறது, இங்கே ஒரு சொட்டு இல்லை. புழுக்கம். ஒரு அம்மாவுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மீதிப் புருவத்தை வாசலில் உட்கார வைத்து முடித்தோம். தெருவே வேடிக்கை பார்த்தது.

வாங்க வேண்டியது: நூல், பன்னீர், பஞ்சு, ஹேர்பின். வீட்டுக்குத் தோசை மாவு.

சரிதாவைப் பற்றி எழுத வேண்டும். எழுதினால்தான் மண்டை தெளியும். இனி இதில் ச. என்று மட்டும். யார் கண்ணிலாவது பட்டால் வம்பு.

நேபாளத்திலிருந்து வந்தவள். புருஷன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் ஓட்டலில் ஃப்ரைடு ரைஸ் மாஸ்டர். நாலு வருஷமாக என் பார்லரில் வேலை. வந்த புதிதில் தமிழில் ஒரு வார்த்தை வராது. இப்போது ‘இன்னாக்கா’ என்று என்னைவிட நன்றாக இந்த ஊர்ப் பேச்சு. கள்ளக்குறிச்சியைச் சுற்றி எந்தக் கல்யாணம் என்றாலும் மணப்பெண் அலங்காரத்துக்கு அவளைத்தான் கேட்கிறார்கள். கடை என்னுடையது, பேர் அவளுடையது. அதைக்கூட ஜீரணித்துவிட்டேன். ஜீரணமாகாதது வேறு.

இன்று சங்கராபுரத்துப் பெண் ஒருத்தி கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. “உங்க கைக்குத் தங்க வளையல்தான் போடணுங்க” என்றாள். ச. சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினாள். “எனக்கு இன்னாங்க தெரியும்? எல்லாம் அக்கா சொல்லிக் குடுத்ததுதான்.”

நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்? ஒரே ஒரு விஷயம். நம் ஊர் மாநிற முகத்துக்கு அவள் கொண்டுவந்த கிரீமைப் பூசினால் சாம்பல் பூத்துவிடும், கொஞ்சம் மஞ்சள் சாயல் கலந்துகொள் என்றேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவளாகக் கற்றது. இன்று அவள் போடுகிற கண் அலங்காரம் எனக்கு வரவே வராது. அது அவளுக்கும் தெரியும்.

புகழை யாராவது சும்மா தூக்கிக் கொடுப்பார்களா? உள்ளே ஏதோ இருக்கிறது.

ஆவணி 6, வெள்ளி

வெள்ளிக்கிழமைக் கூட்டம். மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. தயிர் புளித்திருந்தது.

ச.வைக் கவனித்ததில்:
— போன் வந்தால் பின்பக்கம் போய்விடுகிறாள். நேபாளியில் பேச்சு. எனக்குப் புரியாத மொழியை ஏன் மறைவில் போய்ப் பேச வேண்டும்?
— மணப்பெண்ணோடு சேர்ந்து போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் வர மாட்டாள். சீப்பு எடுக்க ஓடிவிடுவாள்.
— எதிரே காலியாகக் கிடந்த கடைக்கு வெள்ளையடிக்கிறார்கள். கண்ணாடிக் கதவு வேறு. ச. இரண்டு தடவை அந்தப் பக்கம் பார்த்தாள்.

தனியாகக் கடை போடப் போகிறாள். அதுவரை என் கண்ணில் மண் தூவத்தான் இந்த ‘அக்கா சொல்லிக் குடுத்தாங்க’ பாட்டு. இவள் போனால் கல்யாண ஆர்டர் அத்தனையும் போகும். பிறகு நான் புருவம் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

விழுப்புரத்தில் பார்லர் வைத்திருக்கும் சிநேகிதிக்குப் போன் போட்டேன். கல்யாண மேக்கப் தெரிந்த பெண் இருந்தால் சொல் என்றேன். கடை நம்பரைக் கொடுத்தேன். ஒரு முன்ஜாக்கிரதை.

இவரிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஒனக்குப் பால்காரன் சிரிச்சாலும் சந்தேகம், சிரிக்கலன்னாலும் சந்தேகம்” என்றார். பால்காரன் தண்ணீர் கலப்பது நிஜம்தானே?

ஆவணி 8, ஞாயிறு

ச.வின் புருஷன் பிஷ்ணு வேலை செய்யும் ஓட்டலில் பார்சல் வாங்கப் போனேன். உளவுக்குத்தான். அடுப்படியில் ஆவி பறக்க நின்றிருந்தான். வெளியே பார்சலுக்கு வரிசை. “ஒங்க ரைஸுக்குத்தான் இவ்ளோ கூட்டம்” என்று தூண்டிலைப் போட்டேன்.

“அய்யோ, இல்லக்கா. எல்லாம் மொதலாளி தயவு. அவரு சொல்றத நான் கலக்கறேன்.”

அந்த முதலாளிக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா என்பதே சந்தேகம். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே பாட்டு. பேசி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள்.

வாயைக் கிளறினேன். பொண்டாட்டி இங்கே எவ்வளவு பெரிய ஆள் என்று உங்கள் ஊரில் தெரியுமா என்று கேட்டேன். வெட்கப்பட்டான். “ஊர்ல அவ கடை பெருக்கறான்னுதான்கா தெரியும். அவங்க அம்மாகிட்டயும் அப்டிதான் சொல்லிக்கினு இருக்கா.”

பெற்ற தாயிடமே இப்படிச் சொல்கிறவள் என்னிடம் எதை மறைக்க மாட்டாள்?

ரைஸ் நன்றாக இருந்தது. இவர் இரண்டாவது தட்டு.

ஆவணி 10, செவ்வாய்

பார்லர் லீவு. துணி ஊறப்போட்டேன். வாஷிங் மெஷின் சத்தம் சரியில்லை.

பதினோரு மணிக்கு வாசலில் கார். கச்சிராயபாளையத்திலிருந்து ஓர் அம்மா. கரும்புத் தோட்டம், கோமுகி டேம் பாசனம், பெரிய குடும்பம். மகளுக்கு ஞாயிறு கல்யாணம், சனி மாலை ரிசப்ஷன். இரண்டுக்கும் ச.வை முன்பே புக் செய்திருக்கிறார்கள். இப்போது ஒரு மாற்றமாம்.

“அந்தப் பொண்ண எங்க சொந்தத்துல பாத்தோங்க. அருமையா பண்ணுது. கேட்டா, எல்லாம் எங்க அக்கா சொல்லிக் குடுத்ததுன்னு சொல்லிச்சி. அப்ப சொல்லிக் குடுத்த கை எப்டி இருக்கும்? ரெண்டு புள்ள பெத்த சுமங்கலி வேற நீங்க. ரிசப்ஷனுக்கு ஒங்க கையாலதாங்க எம் பொண்ணு மூஞ்சியத் தொடணும். கைராசி இல்லியா?”

வாய் வரை வந்தது, எனக்கு வராதுங்க என்று. வெளியே வரவில்லை. இத்தனை வருஷம் கடை நடத்துகிறவள் எப்படி அதைச் சொல்வது? “அதுக்கின்னாங்க, பண்ணிட்டாப் போச்சி” என்றேன். என் வாயே எனக்கு எதிரி.

கார் தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் உறைத்தது. இதற்குத்தானா? ஊர் முழுக்க என்னைத் தூக்கி வைத்து, ஒருநாள் பெரிய வீட்டுக் கல்யாணத்தில் கீழே தள்ளிவிட. என் பேர் கெட்டால் அவளுக்குத்தானே லாபம்?

ஆவணி 11, புதன்

தூறல், நின்றுவிட்டது.

ச.விடம் சொன்னேன். முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன். ஒரு நொடி கண் இமைத்தது. பிறகு, “நல்லதுக்கா. நீங்க பண்ணா இன்னும் நல்லா வரும். நான் கூட நின்னு எடுத்துக் குடுக்கறேன்.”

இன்னும் நல்லா வருமாம். நக்கலா? முகத்தில் நக்கல் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

கதவைச் சாத்திக்கொண்டு என் முகத்திலேயே பழகினேன். ஒரு கண் பெரிதாக, ஒரு கண் சின்னதாக வந்தது. இவர் எட்டிப் பார்த்து, “இன்னாடி, யாராவது அடிச்சிட்டாங்களா?” என்றார். நாளெல்லாம் பேசவில்லை அவரிடம்.

ஆவணி 13, வெள்ளி

பெட்டியை நானே அடுக்கினேன். ச.வைத் தொட விடவில்லை. எதையாவது எடுத்துவிட்டால்? பூட்டு போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவள் பார்த்தாள்.

எதிர்க்கடையில் போர்டு மாட்டினார்கள். செல்போன் கவர் விற்கிற கடை. சரி. திருக்கோவிலூரில் போடுவாளாக இருக்கும்.

ஆவணி 14, சனி. ரிசப்ஷன்

வந்து குளித்து உட்கார்ந்தாயிற்று. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மண்டபத்தில் பெண் அறை சின்னது. ஏசி இருந்தது, ஓடவில்லை. டியூப் லைட் வெள்ளை வெளேர் என்று. பெண் பாவம், நல்ல குணம், டீச்சர் வேலையாம். அழகான மாநிறம். அம்மாக்காரி கதவருகே நாற்காலி போட்டு, என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பூசினேன். பதற்றத்தில் மஞ்சள் சாயல் கலக்க மறந்துவிட்டேன். நான் ச.வுக்குச் சொல்லிக் கொடுத்த அந்த ஒரே விஷயம்! பெண்ணின் முகம் சாம்பல் பூத்துக்கொண்டே வந்தது. வியர்வை வேறு.

அப்போது ச. திரும்பி அம்மாக்காரியிடம், “அம்மா, மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்க போல, வாசல்ல சத்தம் கேக்குது” என்றாள். அந்த அம்மா எழுந்து ஓடினாள். எந்தச் சத்தமும் இல்லை.

“அக்கா, நீங்க பூ கட்டுங்க. நான் கொஞ்சம் தொட்டுக்கறேன்.”

கொஞ்சமா? மொத்தத்தையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் பூச்சரத்தைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அந்தக் கை போகிற வேகம்! ஒரு தடவைகூடத் திரும்பத் தொடவில்லை. பெண் கண்ணைத் திறந்தபோது எனக்கே அழுகை வந்தது, அவ்வளவு அழகு.

காலடிச் சத்தம். ச. பிரஷ்ஷை என் விரலில் திணித்துவிட்டு ஹேர்பின் டப்பாவோடு மூலைக்குப் போய்விட்டாள். அம்மாக்காரியோடு சொந்தக்காரக் கூட்டமும் உள்ளே வந்தது.

“பாத்தீங்களா! சொல்லிக் குடுத்த கைன்னா சும்மாவா?”

எனக்கு ஏதோ ஆகிவிட்டது. வெட்கமா, ஆத்திரமா, தெரியவில்லை. சத்தமாகவே சொன்னேன். “நான் பண்ணலங்க. இதோ, இவதான் பண்ணா. எனக்கு இதெல்லாம் வராது. நான் இவளுக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. இவ பேருதான் சரிதா. எல்லாரும் நல்லா பாத்துக்கங்க.”

அறை முழுக்கச் சிரிப்பு. பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அந்தச் சத்தத்தில் எடுபடவில்லை. ஒரு கிழவர், “இதாம்மா பெரிய மனுஷங்க கொணம். எவ்ளோ அடக்கம் பாரு!” என்றார். அம்மாக்காரி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக முழு உண்மை சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை.

ச. மட்டும் சிரிக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. திரும்பி வரும்போது காரில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இவளுக்கு என்ன வந்தது? பேர் கொடுத்தால் கசக்குமா?

நாளை முகூர்த்தத்துக்கு அவளேதான் செய்யப் போகிறாள். நான் தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஆவணி 16, திங்கள்

ச. கடை திறக்கும் நேரத்துக்கு முன்பே மாடியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கடையின் இன்னொரு சாவி அவளிடம்தான் இருக்கும். அதை மேஜைமேல் வைத்தாள். வேலைக்குப் போடுகிற கோட்டு, துவைத்து மடித்து, பக்கத்தில்.

“நான் எப்பக்கா கெளம்பணும்?”

“எங்கடி கெளம்பற?”

“எல்லார் முன்னாலயும் சொல்லிட்டீங்களே.”

பிடுங்கிப் பிடுங்கித்தான் வந்தது. இங்கே வருமுன் பெங்களூரில் ஒரு பார்லர். கஸ்டமர் எல்லாம் இவள் பேரைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் அந்த மேடம் எல்லோர் முன்னாலும் இவளைப் புகழ்ந்து ஸ்வீட் கொடுத்தாளாம். அடுத்த வாரம், இனி வர வேண்டாம் என்றாளாம். பிஷ்ணுவுக்கும் ஓசூரில் அதே கதை.

“பேரு நமக்கு வந்தா வேல போய்டும்கா. எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். அதான் பாராட்டு வந்தா ஒங்க பக்கம் தள்ளி வுட்டுக்கினே இருந்தேன். போட்டோக்குக் கூட நிக்கல. அம்மாகிட்ட சொன்னா ஊரே பேசும், அது எப்டியாவது இங்க வந்துடும்னு அதுகூடச் சொல்லல. நாலு வருஷமா காப்பாத்தினது. நீங்க ஒரு நிமிஷத்துல ஒடச்சிட்டீங்க.”

நான் அவளைச் சந்தேகப்பட்ட நாளெல்லாம் அவளும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். கோபம் பொங்கியது. “என்ன அந்த மேடம் மாதிரியா நெனச்ச?”

அவள் தரையைப் பார்த்தாள். “விழுப்புரத்துலேந்து ஒரு பொண்ணு கடை போனுக்குப் பண்ணிச்சிக்கா. இங்க வேல காலியா இருக்கான்னு.”

நான் முன்ஜாக்கிரதையாகப் போட்ட போன் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. நீ போய்விடுவாயோ என்றுதான் கேட்டு வைத்தேன் என்றேன். “நான் எங்கக்கா போறேன்?” என்றாள். அது நிஜம் என்று தெரிந்தது. நான் அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன். தலையாட்டினாள். நம்பினாளா? நானாக இருந்தால் நம்ப மாட்டேன்.

சாவியை எடுக்காமல் போய்விட்டாள். கடை திறக்கவில்லை.

ஆவணி 17, செவ்வாய்

லீவு. வாஷிங் மெஷின் சரி செய்ய ஆள் வரவில்லை.

சாவியை இவர் எடுத்துக்கொண்டு போய் பிஷ்ணுவிடம் கொடுத்துவிட்டு வந்தார். “வாங்கிக்கினான்.” விழுப்புரத்துக்குப் போன் போட்டு ஆள் வேண்டாம் என்று சொன்னேன். சாப்பாடு இறங்கவில்லை. கடை போனால் போகட்டும் என்றுகூட ஒரு நேரம் தோன்றியது. அவள் என்னை அப்படி நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

ஆவணி 18, புதன்

மழை. நல்ல மழை. மலையில் விடிய விடியப் பெய்ததாம்.

ஒன்பதரை. கீழே ஷட்டர் தூக்குகிற சத்தம். ஓடவில்லை. மெதுவாகப் பாதிப் படி இறங்கி நின்றேன். பெருக்குகிற சத்தம், ஃபேன் சத்தம். மழையோடு ஒரு கஸ்டமர் வந்துவிட்டாள். புருவம். முடிந்ததும் கஸ்டமரின் குரல்: “சூப்பரா வந்துருக்குங்க. எங்க கத்துக்கினீங்க?”

நாற்காலியைத் திருப்புகிற சத்தம்.

“தேங்க்ஸுங்க” என்றாள் ச.

அவ்வளவுதான். படியிலேயே நின்றேன். ‘அக்கா சொல்லிக் குடுத்தாங்க’ என்று ஒரு வார்த்தை வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை.