ஐந்தடிக் கணக்கு, எட்டடிப் பாலம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், மனசுதான் சரியில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உன் மாமனாரும் சுகமாக இருக்க வேண்டும். இதைத் தனியாக உட்கார்ந்து படி, யாருக்கும் உரக்கப் படித்துக் காட்டாதே.

ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்று சொன்னேனே, பாலங்களுக்கு நான் கணக்குப் போட்ட அதே பெட்டி. அது சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டதில் அப்பாவுக்கு எரிச்சல், பேசாம நீ அதையே கட்டிக்கிட்டிருக்கலாம் என்று கிண்டல் வேறு. உள்ளே ஒரு சிப்புக்குள்ளேயே பேட்டரி செத்துக் கிடந்தது, பெட்டிக்குத் தான் யார் என்பதே மறந்துபோயிருந்தது. சிப்பின் தலையைச் சின்ன ரம்பத்தால் அறுத்து, வெளியே ஒரு வாட்ச் பேட்டரியைப் பற்றவைத்தேன். பழைய பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை, அதனால் வேறு டிஸ்கில் கம்ப்யூட்டரை ஓட்டும் இந்தக் காலத்து லினக்ஸ் சிஸ்டத்தை ஏற்றினேன், பாதியில் நின்று நின்று என் உயிரை வாங்கியது. ஒன்பதாம் தடவை ஏறியது பார், சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன். அதன் வழியாகப் பழைய டிஸ்கும் திறந்துகொண்டது.

அப்பாவிடம் பீற்றிக்கொள்ளத்தான் நம் தெருக்கோடியில் ரயில் பாதைக்கு மேலே போகும் நடைபாலத்தின் கணக்கை எடுத்தேன். எடுத்திருக்கவே வேண்டாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். கடைசி நேரத்தில் பாலத்தை ஐந்தடியிலிருந்து எட்டடியாக அகலப்படுத்தச் சொன்னார்கள். வரைபடத்தில் மாற்றியிருக்கிறேன், உத்திரம் எவ்வளவு கனம் தாங்கும் என்ற கணக்கில் ஐந்தடியே நிற்கிறது. மூன்று நாள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், தப்பு என்னுடையதுதான். கீழே கையெழுத்துப் போட்டவர், அன்றைக்கு எனக்கு மேலதிகாரியாக இருந்த உன் மாமனார்.

அப்பாவிடம் சொன்னேன். இருபத்தாறு வருஷமா நிக்குது, இப்பப் போய் ஏன் கிளறுற, நம்ம பொண்ணு அவர் வீட்டுல வாழ வேண்டாமா என்று கத்தினார். மறுநாள் காலை பேப்பர் வாங்கக் கிளம்பினவர், தினமும் ஏறுகிற பாலத்தில் ஏறவில்லை. ரயில்வே கேட் வழியாக அரை மைல் சுற்றிப் போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, சும்மா நடந்தேன் என்றார். நான் புடவையை மாற்றிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன்.

அங்கே இருக்கும் எஞ்சினியருக்கு உன் வயதுதான். ரிட்டயர் ஆன பிறகு உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை என்று சிரித்தவள், நான் நீட்டிய கணக்குத் தாளைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினாள். கணக்கு என்னுடையது, என்னை நம்பித்தான் அவர் கையெழுத்திட்டார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அவர் பெயர் இழுபடும், கண்ணு. மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நானே அவரிடம் போனில் சொல்வேன், அதுவரை வாயைத் திறக்காதே. அவர் என்னைத் திட்டினால் எனக்காகச் சண்டைக்குப் போகாதே. குட்டிக்கு இருமல் நின்றதா? வேளாவேளைக்குச் சாப்பிடு, உங்கள் நால்வருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். பாலத்தை மூட மேலிடத்து உத்தரவு வரவேண்டுமாம். இந்த நிமிடம் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் அதில் ஓடுகிறார்கள், நான் அங்கே போய் வழியை மறித்து நிற்கப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா