காயும்வரை தொடாதே

ஜூன் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீ போனை எடுப்பதில்லை, அதனால் உன் அக்காவிடம் முகவரி வாங்கி இந்தக் கடிதம். கண்ணாடி என் கையைக் கிழித்து, நீ சொல்லாமல் ஊரைவிட்டுப் போய் இன்றோடு எட்டு நாள். இடது கையில் இரண்டு விரல்களின் தசைநாண்களைத் தைத்திருக்கிறார்கள். புறங்கைப் பக்கம் ஸ்பிளின்ட் என்று ஒரு பிளாஸ்டிக் பட்டை. கை எந்நேரமும் யாரிடமோ ஏதோ கேட்பதுபோல் வளைந்தே இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி தரும் அம்மா சொல்கிறார்: "பட்டையைக் கழட்டவே கூடாது. ஆனா மணிக்கொரு தடவை, அதுக்குள்ளயே விரலை மெல்ல மடக்கி நீட்டணும். பத்துத் தரம்." தைத்து நாலாவது நாளே இப்படிச் சொன்னார்! தையல் விட்டுவிடுமோ என்று எனக்குப் பயம். நீ என்ன சொல்கிறாய்? உன்மேல் கோபமில்லை, எழுது.

உன் அத்தான்

ஜூன் 8

அத்தானுக்கு வணக்கம்.

கண்ணாடியை நழுவவிட்டவன் நான். எந்த முகத்தோடு போனை எடுப்பேன்? கேட்டதால் சொல்கிறேன். உங்கள் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது நீங்கள் எனக்கு முதலில் சொன்னதே, பசை காயும்வரை கண்ணாடிச் சட்டத்தைத் தொடாதே என்பதுதான். தொட்டதற்கு வாங்கிய குட்டு இன்னும் வலிக்கிறது. தையலும் அப்படித்தானே? அசைக்காதீர்கள். அந்த அம்மா கேட்டால் செய்தேன் என்று சொல்லிவிடுங்கள். அக்காவிடம் இதைக் காட்ட வேண்டாம்.

மச்சான்

ஜூன் 20

மச்சான்,

வந்தது வினை. நீ சொன்னபடி பத்து நாள் அசைக்கவில்லை. இன்று மடக்கிப் பார்த்தார்கள், விரல் பாதிகூட வரவில்லை. "வீட்ல செஞ்சீங்களா?" என்றார் அந்த அம்மா. தலையாட்டினேன். உன் அக்கா போட்டுக் கொடுத்துவிட்டாள்: "பொய்ம்மா! கையைத் தலகாணி மேல வச்சுப் பச்சப்புள்ள மாதிரி காவல் காத்துக்கிட்டு இருக்கார்."

பசை கதையைச் சொன்னேன். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அசையாம இருந்தா, தச்ச நாண் சுத்தி இருக்கிற சதையோடயும் சேர்ந்து ஒட்டிக்கும். அப்புறம் விரல் மடங்காது. இப்பவே ஆரம்பிச்சா இழுத்துப் பிடிக்கலாம்."

அளவுகோலை இடது கை அழுத்திப் பிடிக்காவிட்டால் கண்ணாடி வெட்ட முடியாது. கடையை மூட வேண்டியதுதான். பயமாக இருக்கிறது. உன்மேல் இப்போது உண்மையாகவே கோபம். யோசனை கேட்டவன் நான் என்பதால் பாதி என்மேல்.

அத்தான்

ஜூலை 12

என் அருமை மச்சானுக்கு,

மடங்குகிறது! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பட்டையைக் கழற்றிவிட்டார்கள். நடுவிரல் உள்ளங்கையைத் தொட்டுவிட்டது. மோதிர விரல் அரிசி அளவு பாக்கி, அதுவும் வந்துவிடுமாம். வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதேன்.

என் கோபக் கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. ஆனால் உன் அக்காவின் போன் மணிக்கொரு தடவை அடித்தது. அடித்ததும், "ம், மடக்குங்க" என்று வந்து நிற்பாள். யார் போன் என்றால், "கேஸ்காரர்" என்பாள். ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டரடி வாங்குகிறாய் என்று கேட்டேன், முறைத்தாள்.

நேற்று அவள் குளிக்கப் போயிருந்தபோது அடித்தது. நான் எடுத்தேன். "அக்கா, செஞ்சாரா? மடங்குதா?" என்றது உன் குரல். ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன். பயந்திருப்பாய், மன்னித்துவிடு.

ஆளுயரக் கண்ணாடி ஒன்று கேட்டு வந்திருக்கிறார்கள். வெட்டுவது நான் பார்த்துக்கொள்வேன், ஆனால் இன்னும் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாதாம். தூக்குவதற்கு வேறு ஆளைக் கூப்பிடச் சொல்கிறார்கள். முடியாது என்றுவிட்டேன். அதை நீதான் தூக்க வேண்டும்.

வா.

அத்தான்